புதிய தலைமையாசிரியரின் முதல் ஆண்டு: எதைக் கற்பது, எங்கே தொடங்குவது

பதவி உயர்வுக் கலந்தாய்வில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஆணையோடு வெளியே வரும்போது பலருக்கும் பதினைந்து இருபது ஆண்டு வகுப்பறை அனுபவம் இருக்கும். தலைமையாசிரியர் வேலையில் அனுபவம் அனேகமாக இருக்காது. துறைத் தேர்வுகள் எழுதியதால் கணக்கு விதிகளும் அலுவலக நடைமுறையும் ஓரளவு தெரியும். இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து எதைக் கவனிப்பது, பிறகு அவரிடம் எப்படிப் பேசுவது, ஆசிரியர் கூட்டத்தைச் சுற்றறிக்கை வாசிப்பதோடு முடிக்காமல் எப்படி நடத்துவது என்பதெல்லாம் எந்தத் தேர்விலும் வருவதில்லை. தமிழ்நாட்டு அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதவி பெறும் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கற்கும் பள்ளியில்தான் பிள்ளைகளின் படிப்பு நகர்கிறது. இது என் அனுபவம் மட்டும் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய குழுவினரும் 2008இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, தலைவர் செய்யும் வேலைகளில் எது மாணவர் கற்றலில் அதிகம் தெரிகிறது என்று பார்த்தார்கள். ஆசிரியர்களின் கற்றலை முன்னெடுத்து, தானும் அதில் பங்கேற்பதற்கு 0.84 என்ற விளைவு அளவு (எண் கூடக் கூடத் தாக்கம் அதிகம்) வந்தது. இலக்கு வகுப்பது, கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுவது ஆகிய இரண்டுக்கும் 0.42. ஒழுங்கான, பாதுகாப்பான சூழலை உருவாக்குவதற்கு 0.27. நம் ஊரில் ஒரு தலைமையாசிரியரின் நாள் எதில் கரைகிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும். முதல் ஆண்டில் அதைக் கொஞ்சமாவது நிமிர்த்துவதுதான் வேலை.

பொறுப்பேற்கும் நாட்கள்

கற்றல் கற்பித்தலுக்கு நேரம் வேண்டுமென்றால் அலுவலகம் முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். அதனால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ரொக்கப் பதிவேட்டின் கடைசி இருப்பை வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இருப்புப் பதிவேட்டில் உள்ள மடிக்கணினி, ப்ரொஜெக்டர், ஆய்வகப் பொருட்களைக் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். குறைவது எதுவானாலும் பட்டியலிலேயே எழுதி, பொறுப்பை ஒப்படைப்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை, அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. அப்புறம் நிலுவையில் இருப்பவற்றைக் கேளுங்கள்: தீராத தணிக்கைத் தடைகள், பணிப்பதிவேட்டில் விட்டுப்போன பதிவுகள், ஓய்வு பெறப் போகிறவர்களின் கோப்புகள், ஊதிய உயர்வு. ஒரு ஆசிரியரின் ஊதிய உயர்வு உங்கள் மேசையில் தாமதமானால், அவரிடம் கற்பித்தலைப் பற்றி நீங்கள் பேசும் எதுவும் காதில் ஏறாது.

மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளமும் ஊதியப் பட்டியல் போடும் களஞ்சியம் தளமும் தெரியாவிட்டால் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே கைப்படச் செய்து பழகுங்கள். பிறகு யாரிடம் ஒப்படைத்தாலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இளநிலை உதவியாளர் இல்லாத பள்ளி என்றால், அதே வட்டாரத்தில் சில ஆண்டுகளாகத் தலைமையாசிரியராக இருக்கும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் அவரை வாரத்துக்கு ஒருமுறையாவது கூப்பிட வேண்டி வரும்.

நேரத்தைக் காப்பது

பொறுப்பேற்றதுமே வாட்ஸ்அப் குழுக்கள் வந்து சேரும். "உடனடி", "இன்று மாலைக்குள்" என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மாலை நாலரை மணிக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்றே தெரியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யாகவே அவசரமானால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்தோ மாவட்ட அலுவலகத்திலிருந்தோ போன் வரும்.

நாளின் முதல் இரண்டு பாடவேளைகளை வகுப்பறைக்கு என்று ஒதுக்குங்கள். இதை ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். பெற்றோர் டி.சி. கேட்டு வந்தால் பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டலாம். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். உங்களுக்கென்று கால அட்டவணையில் உள்ள பாடவேளைகளையும் விட்டுவிடாதீர்கள். பாடம் எடுக்காத தலைமையாசிரியர் சொல்லும் கற்பித்தல் ஆலோசனைக்கு ஆசிரியர் அறையில் மதிப்பு இருக்காது.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இருப்பவர்களுக்கு இப்படி ஒதுக்க வழியே இல்லை, ஏனென்றால் அவர்களே முழுநேரமும் வகுப்பில் இருக்கிறார்கள். அங்கே ஒரு மாற்று உண்டு: வாரத்தில் ஒரு பாடவேளை இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் நடத்த மற்றவர் பார்ப்பது.

வகுப்பைப் பார்ப்பது

இதைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பள்ளிகளில் வகுப்பைப் பார்ப்பது என்றாலே ஆய்வு என்று ஆகிவிட்டது. அலுவலர் வருவார், பாடக்குறிப்பைப் பார்ப்பார், ஒரு பிள்ளையை எழுப்பி வாய்ப்பாடு கேட்பார், பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். அந்த நினைப்பு ஆசிரியர் மனதில் இருக்கும்வரை நீங்கள் உள்ளே போனதும் அவர் குரல் மாறும், பிள்ளைகள் விறைத்து உட்காருவார்கள்.

அதனால் முதல் மாதம் எதையும் எழுதாதீர்கள். எல்லா வகுப்புக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துவிட்டு, ஆசிரியருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். உங்கள் வகுப்புக்கும் அவர்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் மாதம் முன்கூட்டியே சொல்லி முழுப் பாடவேளையும் உட்காரலாம். "எதைப் பார்க்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று ஆசிரியரையே கேளுங்கள். "பின்வரிசைப் பிள்ளைங்க கவனிக்கிறாங்களான்னு பாருங்க சார்" என்பதுபோல ஏதாவது சொல்வார். அதை மட்டும் பாருங்கள்.

ஆறாம் வகுப்பு, கணக்கு, பின்னங்களின் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையில் 1/2 + 1/3. ஆசிரியர் பகுதிகளைச் சமமாக்கும் முறையை நன்றாகவே விளக்குகிறார். "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்கிறது. கேள்விகளுக்கு முன்வரிசையில் அதே மூன்று நான்கு பேர் பதில் சொல்கிறார்கள். கடைசி வரிசையில் உங்கள் பக்கத்தில் இருக்கும் சிறுமி நோட்டில் 2/5 என்று எழுதி, ஒரு கையால் மறைத்துக்கொள்கிறாள். கரும்பலகையில் சரியான விடை வந்ததும் அழித்துவிட்டு 5/6 என்று பார்த்து எழுதுகிறாள். ஆசிரியர் நோட்டைத் திருத்தும்போது அங்கே சரியான விடைதான் இருக்கும். அந்த 2/5ஐ நேரில் கண்டவர் நீங்கள் ஒருவர்தான். வகுப்புக்குப் போவதன் பயனே இதுதான்.

அன்றைக்கே, மறக்கும் முன் பேசிவிடுங்கள். உங்கள் அறைக்கு அழைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

"டீச்சர், கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு ரெண்டு பை அஞ்சுன்னு எழுதியிருந்தா. ஏன் அப்படி எழுதுறாங்கன்னு நினைக்கிறீங்க?"

"மேல இருக்கறதைத் தனியா, கீழ இருக்கறதைத் தனியா கூட்டிடறாங்க சார். எவ்வளவு சொன்னாலும் அதேதான்."

"ரெண்டு பை அஞ்சு அரையைவிடச் சின்னது. அரையோட இன்னொரு பங்கைச் சேர்த்தா குறையுமான்னு கேட்டுப் பார்ப்போமா? காகிதத்தை மடிச்சுக் காட்டலாம். நாளைக்கு நானும் வர்றேன்."

இந்த உரையாடலில் நீங்கள் செய்தவை மூன்று. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னீர்கள். காரணத்தை அவரிடம் கேட்டீர்கள். அடுத்த நாள் செய்ய ஒரு சிறு வேலையை, நீங்களும் பங்கேற்கும் விதமாக, முடிவு செய்தீர்கள். "வகுப்பு நல்லா இருந்துச்சு", "இன்னும் முயற்சி பண்ணணும்" என்பவற்றால் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. மறுநாள் மறக்காமல் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த முறை அவர் உங்களிடம் மனம் திறந்து பேச மாட்டார்.

உங்களுக்குக் கணக்கு வராது, நீங்கள் தமிழோ வரலாறோ படித்தவர் என்றாலும் இதைச் செய்யலாம். பிள்ளை என்ன நினைக்கிறது என்று பார்க்கப் பாட அறிவு ஓரளவு போதும். நுட்பமான இடங்களில் "எனக்கு இது தெரியாது, நீங்க சொல்லிக் குடுங்க" என்று கேட்டால் ஆசிரியருக்கு உங்கள் மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

வாசிப்பை நீங்களே கேட்டுப் பாருங்கள்

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழையுங்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழக் கூடாது, பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். எழுத்து மட்டும் தெரியும், சொல் வரை வரும், வாக்கியம் வரை வரும், பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார் என்று நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்ததும் "என்ன நடந்துச்சு கதையில?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேகமாக வாசித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளையும் பார்ப்பீர்கள்.

தொடக்க வகுப்புகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கச் சொன்னார்கள். அந்த அணுகுமுறை மேல் வகுப்புக்கும் தேவைப்படுகிறது என்பதால்தான் பள்ளிக் கல்வித் துறையும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 'திறன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. திட்டத்தின் தேர்வு மதிப்பெண் எமிஸில் இருக்கும். இருந்தாலும் நீங்களே காது கொடுத்துக் கேட்பது வேறு. "பட்டம்" என்ற சொல்லை "ப... ட்... ட..." என்று எழுத்தெழுத்தாகப் பிடித்துக்கொண்டு பதினொரு வயதுப் பையன் வியர்ப்பதைப் பார்த்த தலைமையாசிரியர், அவனுக்கு அறிவியல் பாடத்தில் ஏன் மதிப்பெண் வரவில்லை என்று அறிவியல் ஆசிரியரைக் கேட்க மாட்டார்.

முடிவை ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள். பிள்ளைகள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டாம், தொடக்கப் பள்ளியையும் குறை சொல்ல வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரம் நிலைவாரியாக வாசிப்புக்கு ஒதுக்க முடியுமா, யார் எந்தக் குழுவை எடுப்பது என்று கேளுங்கள். ஒரு குழுவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் எழுத்து மட்டும் தெரிந்த குழுவை. காலாண்டு விடுமுறை முடிந்ததும் அதே முறையில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர் கூட்டம்

சுற்றறிக்கைகளைக் குழுவில் போட்டுவிடலாம், கையெழுத்தை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து வாங்கிவிடலாம். கூட்டம் என்று உட்காரும் நாற்பது நிமிடத்தைக் கற்றலுக்கு விட்டுவிடுங்கள். வாரம் ஒன்று முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

என்ன செய்வது என்றால், ஒரே வினாவுக்குப் பிள்ளைகள் எழுதிய பத்து விடைத்தாள்களைப் பெயர் மறைத்து மேசையில் பரப்பி, எங்கே தடுக்குகிறது என்று எல்லோரும் பார்க்கலாம். ஒருவர் தான் நடத்திய பாடத்தில் நன்றாக வந்த ஒரு பகுதியைச் செய்து காட்டலாம். குறுவள மையப் பயிற்சிக்கு (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சி) போய் வந்தவர் அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இங்கே நம் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று பேசலாம். நீங்கள் தலைமை நாற்காலியில் உட்காராமல் வட்டத்தில் உட்காருங்கள். முதல் விடைத்தாள் உங்கள் வகுப்புடையதாக இருக்கட்டும்.

பேசாமலே இருக்கும் மூத்த ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் உண்டு. அவரைக் கூட்டத்தில் இழுக்காமல், முன்னாலேயே தனியாகப் போய், "அடுத்த வாரம் நீங்க அந்த வரைபடம் வரையச் சொல்லித் தர்றதை மத்தவங்களுக்குக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தாமதமாக வருபவர், வகுப்புக்குப் போகாதவர் விஷயம் வேறு. முதலில் தனியாகப் பேசி, காரணத்தைக் கேட்டு, வீட்டில் சிக்கல் என்றால் முடிந்த உதவியைச் செய்யுங்கள். தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் நடந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். நேரத்துக்கு வருவதும் பாடத்திட்டத்தை முடிப்பதும் பெற்றோரைச் சந்திப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவரைக் கண்டும் காணாமல் விட்டால் ஒழுங்காக வருகிற மற்றவர்கள் மனம் விட்டுப்போகும்.

உங்கள் சொந்தக் கற்றல்

புது தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் 2012 முதல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் இயங்குகிறது. அவர்கள் வகுத்த பாடத்திட்டம் ஏழு பகுதிகள் கொண்டது: பள்ளித் தலைமை பற்றிய பார்வை, தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்குவது, புதுமைகளை முன்னெடுப்பது, கூட்டுறவுகள், நிர்வாகம். இணையவழியில் படிக்கும் வசதியும் உண்டு. ஏழையும் ஒரே ஆண்டில் முடிக்க நினைக்காதீர்கள். மூன்றாவதையும் நான்காவதையும் முதலில் எடுங்கள்.

2017இல் வந்த தீக்ஷா என்ற இணையக் கற்றல் தளத்திலும் 2019இல் மத்திய அரசு தொடங்கிய நிஷ்டா ஆசிரியர் பயிற்சியிலும் தலைமையாசிரியர்களுக்கான பகுதிகள் இருக்கின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கை தலைமையாசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, அது வேறு விவாதம். ஆனால் வாரம் ஒரு மணி நேரம் என்பது எவருக்கும் நியாயமான அளவுதான். சான்றிதழுக்காக வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதைவிட, ஒரு பகுதியைப் பார்த்து அதில் ஒன்றை அந்த வாரமே பள்ளியில் செய்து பார்ப்பது மேல்.

உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். விரிவுரையாளர்களுக்கு ஆய்வு செய்யப் பள்ளி தேவை, உங்களுக்கு அவர்களின் பாட அறிவு தேவை. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் வரும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாமல், உங்களோடு ஒரு வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். ஒரே வகுப்பை இருவர் பார்த்துவிட்டுப் பிறகு குறிப்புகளை ஒப்பிட்டால் எதைத் தவறவிடுகிறோம் என்று தெரியும். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் மூன்று நான்கு பேர் மாதம் ஒருமுறை ஒருவர் பள்ளியில் கூடி இதையே செய்யலாம். எனக்குத் தெரிந்தவரை எந்தப் பயிற்சியையும்விட இதில்தான் அதிகம் கற்கிறோம்.

ஊரும் சட்டமும்

பள்ளி மேலாண்மைக் குழு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் அமைவது. நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. நடைமுறையில் தலைமையாசிரியர் எழுதி வைத்ததில் கையெழுத்து வாங்குவதாக ஆகிவிடுகிறது. தலைவியாக இருக்கும் அம்மாவை வகுப்பறைகளையும் கழிப்பறையையும் சுற்றிப் பார்க்க அழைத்துப்போங்கள், அப்புறம் கூட்டத்தில் அவரே பேசுவார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: வழிகாட்டு நெறிமுறைப்படி 100க்கு மேல் 250 வரை 50,000 ரூபாய், 1000 வரை 75,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கு. கணக்கைக் குழுவின் முன் வாசித்துவிட்டுச் செலவு செய்தால் ஊரில் வதந்தி எழாது.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே கூடாது. பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளிப் பெயர் கெட்டுடும், நாமே பேசி முடிச்சிடலாம்" என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதீர்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய எண்களை எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

ஏப்ரலில்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்களிடம் ஒரு தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்குப் பதில் கேளுங்கள்: இந்த ஆண்டு நான் செய்ததில் உங்கள் வகுப்புக்கு எது உதவியது, எது இடைஞ்சலாக இருந்தது. ஜூன் மாத வாசிப்புக் குறிப்பையும் கடைசி வாசிப்புக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து நிலையிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எடுத்து, யார் யாருக்குப் பார்வைப் பரிசோதனை தேவை, யாருக்குச் சிறப்பாசிரியரின் உதவி தேவை, யார் அடிக்கடி வராமல் போனவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு நகலை ஏழாம் வகுப்பு வகுப்பாசிரியரிடம் மே விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மற்றொரு நகலைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். மாறுதல் கலந்தாய்வில் நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும் அடுத்து வருபவர் ஜூன் முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைகளை அழைத்து வாசிக்கச் சொல்லலாம்.